கீபோர்டிலிருந்து கணினிக்கு: வாசிப்பையும் ஒலியையும் சேர்த்தே பதிவு செய்வது

கீபோர்டைக் கணினியோடு இணைத்துப் பாடல் பதிவு செய்ய வழி கேட்டு வருகிறவர்களிடம், எந்த மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்றோ என்ன கேபிள் வாங்கினீர்கள் என்றோ நான் முதலில் கேட்பதில்லை. கணினிக்குள் போக வேண்டியது கீபோர்டு எழுப்பும் ஒலியா, அல்லது உங்கள் விரல்கள் வாசித்த வாசிப்பின் விவரமா என்பதையே கேட்கிறேன். இவை இரண்டும் கீபோர்டின் வெவ்வேறு துளைகள் வழியாக வெவ்வேறு வடிவத்தில் வெளியே வருகின்றன. திருநெல்வேலிப் பக்கத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் பல ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து, அவர்களுடைய பாடல்களை வீட்டு அறையிலேயே பதிவு செய்தும் கொடுக்கிற எனக்கு, இந்த இணைப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் வருகிறது என்பது நன்றாகத் தெரியும். “கேபிளைச் செருகிவிட்டேன் அண்ணாச்சி, வாசிக்கும்போது திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை” என்று தொலைபேசியில் சொல்லும் தம்பி இணைத்திருப்பது விவரம் போகும் வழியை; அவர் காத்திருப்பதோ ஒலிக்காக.

விவரத்தைக் கொண்டுபோகும் முறைக்கு மிடி என்று பெயர். ரோலண்டு நிறுவனத்தின் இகுடாரோ காகேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று, போட்டி நிறுவனங்களையும் சம்மதிக்க வைத்து உருவாக்கிய பொது முறை அது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் புரொஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். 2020 இல் மிடி 2.0 அறிவிக்கப்பட்ட பிறகும், நம் வீடுகளில் உள்ள கீபோர்டுகள் பேசுவது பெரும்பாலும் அந்தப் பழைய மொழியைத்தான். அதில் ஒலி என்று எதுவும் இல்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, பெடல் மிதிக்கப்பட்டதா, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டு சக்கரம் எங்கே நிற்கிறது என்பன போன்ற செய்திகள் எண்களாகப் போகின்றன. நடு சி என்பது 60, அதற்கு மேலுள்ள 440 ஹெர்ட்ஸ் ஏ என்பது 69, அழுத்திய வேகத்தின் அளவு 1 முதல் 127 வரை, நீடிப்புப் பெடலின் எண் 64. சுரதாளக் குறிப்பு எழுதிய தாளைக் கையில் வைத்திருந்தால் மட்டும் பாட்டுக் கேட்காததுபோல, இந்த எண்களைப் பெற்றுக்கொண்ட கணினியில் அவற்றை ஒலியாக்கும் ஒரு மென்பொருள் கருவி இருந்தால்தான் காதில் ஏதாவது விழும்.

ஒலியை நேரடியாகப் பதிவு செய்வது மற்ற வழி. கீபோர்டின் ஒலி வெளியீட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டிக்குக் கேபிள் போகும். அந்தப் பெட்டி ஒலியை எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். கீபோர்டில் கேட்ட அதே வயலினும் அதே எதிரொலியும் அப்படியே பதிவாகும். ஆனால் சரணத்தில் ஒரு கட்டை தவறிவிட்டால் அதை மட்டும் எடுத்துத் திருத்துவது கடினம். பாட வந்தவர் “அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா” என்று கேட்டால் பெரும்பாலும் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். மிடியில் இந்த இரண்டும் ஒரு நிமிட வேலை. அதேசமயம், நமக்குப் பழகிப்போன கீபோர்டின் நாதசுரமோ ஸ்டிரிங்ஸோ மென்பொருளில் அதே குணத்தோடு கிடைப்பதில்லை. ஆகவே நான் எப்போதும் ஒலிப்பதிவு மென்பொருளில் டிராக்குகள் எனப்படும் பதிவு வரிசைகள் இரண்டைத் திறந்து, ஒன்றில் மிடியையும் மற்றொன்றில் ஸ்டீரியோ ஒலியையும் ஒரே வாசிப்பில் சேர்த்தே பதிவு செய்கிறேன். இதற்குக் கூடுதலாக ஆகும் செலவு ஒரு கேபிள்தான். பின்னால் அது காப்பாற்றும் உழைப்போ மிகப் பெரிது.

முதலில் மிடி இணைப்பு. கீபோர்டின் பின்புறத்தில் யூஎஸ்பி துளைகள் இரண்டு இருக்கக்கூடும். தட்டையான செவ்வகத் துளை பென் டிரைவுக்கானது. யமஹா கீபோர்டுகளில் அதன்மேல் ‘டு டிவைஸ்’ என்று அச்சிட்டிருக்கும். கணினிக்குப் போக வேண்டியது ‘டு ஹோஸ்ட்’ என்ற துளை. பழைய பிரின்டர்களில் காணும், மேல் மூலைகள் இரண்டும் சரிந்த சதுரத் துளை அது. பிரின்டர் கேபிள் என்று கேட்டால் எந்தக் கணினிக் கடையிலும் கொடுப்பார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமானதை வாங்காமல் இருப்பது நல்லது. பல கீபோர்டுகளைக் கணினி தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். சிலவற்றுக்கு, குறிப்பாக விண்டோஸில், நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து டிரைவரை (கருவியோடு கணினி பேச உதவும் சிறு நிரலை) இறக்கி நிறுவ வேண்டும். ரோலண்டின் சில மாடல்களில் யூஎஸ்பி டிரைவர் ‘ஜெனரிக்’ ஆக இருக்க வேண்டுமா ‘வெண்டர்’ ஆக இருக்க வேண்டுமா என்று கீபோர்டின் சிஸ்டம் பட்டியலிலேயே ஒரு தேர்வு இருக்கும். அதை மாற்றிய பிறகு கீபோர்டை அணைத்துப் போட்டால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். அணைத்துப் போடாமல், டிரைவரை நீக்கி நீக்கி நிறுவி ஒரு மாலைப்பொழுதையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கீபோர்டைப் போட்ட பிறகே ஒலிப்பதிவு மென்பொருளைத் திறக்கும் பழக்கம் பல சந்தேகங்களை வராமலே தடுக்கும், ஏனெனில் திறக்கும் நேரத்தில் இல்லாத கருவியைச் சில மென்பொருள்கள் பிறகு தேடுவதில்லை. விண்டோஸில் வழக்கமான டிரைவர்கள் பலவற்றில் ஒரு மிடி வழியை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பின்னணியில் வேறொரு பியானோ மென்பொருள் திறந்திருந்தால், ரீப்பர், கியூபேஸ் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் கீபோர்டைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும். நான் ரீப்பரைப் பயன்படுத்துகிறேன். 60 நாள் எந்தக் குறையும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதன் அமைப்புகளில் மிடி கருவிகள் என்ற பகுதிக்குச் சென்று கீபோர்டின் பெயரைச் செயல்படுத்தி, டிராக்கின் உள்ளீட்டில் மிடியைத் தேர்ந்து, சிவப்புப் பொத்தானால் டிராக்கைத் தயார்நிலையில் வைக்க வேண்டும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டே தொடக்கத்துக்குப் போதும்.

யூஎஸ்பி இல்லாத பழைய கீபோர்டுகளில் ஐந்து ஊசி கொண்ட வட்ட மிடி துளைகள் இருக்கும். அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பின்னால் சொல்லப்போகும் ஒரு காரணத்துக்காக நான் இன்றும் அவற்றையே விரும்புகிறேன். கீபோர்டின் ‘அவுட்’, இன்டர்ஃபேஸின் ‘இன்’ துளைக்குப் போக வேண்டும். ‘இன்’ என்பது ‘இன்’ துளைக்கே போகும் என்று எண்ணிச் செருகினால் ஒன்றும் நடக்காது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் மலிவான மிடி–யூஎஸ்பி கேபிள்களை நான் பரிந்துரைப்பதில்லை. மெதுவான மெட்டுக்கு அவை தாங்கும். ஆனால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே வேகமாக வாசிக்கும்போது சில செய்திகள் விழுந்துபோகின்றன. கட்டையை விட்டதற்கான செய்தி விழுந்தால் அந்தச் சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒலி இன்டர்ஃபேஸ் வாங்கும்போதே ஐந்து ஊசி மிடி துளைகளும் உள்ள ஒன்றாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

இணைத்த உடனே பலரும் காணும் விசித்திரம், ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்பது. கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தானே ஒருமுறை ஒலிக்கிறது. அதே செய்தி கணினிக்குப் போய், மென்பொருள் அதைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்ப, சில மில்லிநொடி தாமதித்து மறுமுறையும் ஒலிக்கிறது. பியானோ ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கையும் பாதியாகும். இதற்கு மருந்து கீபோர்டின் மிடி அமைப்புகளில் உள்ள ‘லோக்கல் கண்ட்ரோல்’. அதை அணைத்தால் கட்டைகளுக்கும் கீபோர்டின் உள்ளிருக்கும் ஒலிப்பகுதிக்கும் இடையிலான நேரடித் தொடர்பு அறுந்து, கணினி வழியாக வரும் செய்திக்கு மட்டுமே ஒலி எழும். மென்பொருள் திருப்பி அனுப்புவதை நிறுத்துவது இன்னொரு வழி. வெறுமனே பதிவு மட்டும் செய்கிற நாள்களில் நான் இதைத்தான் செய்கிறேன். லோக்கலை அணைப்பவர்கள், வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் போட்டுவைக்க வேண்டும். பல மாடல்களில் கீபோர்டை அணைத்தால் அது தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். அமைப்பைச் சேமித்துவைக்கும் மாடல்களில் வராது. ஞாயிறு காலை ஆராதனைக்குச் சற்று முன்பு, எல்லா விளக்கும் எரிந்தும் சத்தமே வராமல் நின்ற தேவாலயக் கீபோர்டு ஒன்றைப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிச் செல்ல ஆயத்தமாக இருந்தார்கள். முந்தைய நாள் அதில் ஒலிப்பதிவு நடந்தது என்று அறிந்ததும் லோக்கலைப் போடச் சொன்னேன், ஒலித்தது.

ஸ்டைல் எனப்படும் தானியங்கித் தாளத்தோடு வாசிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மிடி செய்திகள் ஒரே கேபிளில் சானல்கள் எனப்படும் எண்ணிட்ட தனித்தனி வழிகளில் போகும். யமஹாவின் ஸ்டைல் கீபோர்டுகள் பலவற்றில் வலக்கை மெட்டு முதல் சானலிலும், தாளம், பேஸ், நாண்கள் (கார்டுகள்) முதலிய பின்னணிப் பகுதிகள் 9 முதல் 16 வரையிலான சானல்களிலும் வெளியே வரும். எல்லாவற்றையும் ஒரே மிடி டிராக்கில் பதிவு செய்து, அதன்மேல் ஒரு மென்பொருள் பியானோவை வைத்தால், மிருதங்கமும் பேஸும் சேர்ந்து பியானோவாகவே ஒலித்துக் காதைக் குழப்பும். பதிவுக்குப் பின் டிராக்கைச் சானல் வாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வேகத்திலும் ஒற்றுமை தேவை: மென்பொருள் அனுப்பும் கடிகாரத் துடிப்பைப் பின்பற்றும்படி கீபோர்டில் ‘எக்ஸ்டர்னல் கிளாக்’ வைத்துவிட்டால், ஒரு கால் சுரத்துக்கு (குவார்ட்டர் நோட்டுக்கு) 24 துடிப்புகள் என்ற கணக்கில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். அப்படி வைத்திருக்கும்போது மென்பொருள் ஓடாவிட்டால் கீபோர்டின் தாளமும் தொடங்காது என்பதால், கச்சேரிக்குப் புறப்படும் முன் ‘இன்டர்னல்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப அதை மாற்றி, பழகிய கட்டைகளிலேயே வாசிப்பது நம் ஊரில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். வெளியே போகும் மிடியும் அந்த மாற்றத்தோடு போகுமா போகாதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது. மாறிப்போன மிடியைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்பினால் சில மாடல்களில் சுருதி இரண்டு முறை மாறும். பதிவுக்கு முன் நடு சி கட்டையை அழுத்தி மென்பொருளில் எந்த எண் விழுகிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். எழுத்தைப் பார்க்காமல் எண்ணையே பாருங்கள். 60 என்ற சுரத்தை யமஹா சி3 என்கிறது, ரோலண்டு சி4 என்கிறது.

இனி ஒலி வழி. மடிக்கணினியின் ஹெட்செட் துளையில் கீபோர்டை நேராகச் செருகுவது வேண்டாம். அது மைக்குக்கான துளை. ஒற்றை வழி மட்டுமே உள்ளே போகும், கீபோர்டின் வலுவான சமிக்ஞையில் ஒலி எளிதில் உடையும், கணினியின் உள் இரைச்சலும் சேரும். இரண்டு உள்ளீடுகள் கொண்ட எளிய ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பெரிய கீபோர்டுக்கு மாறலாமா இன்டர்ஃபேஸ் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, முதலில் இன்டர்ஃபேஸ் என்றே தயங்காமல் சொல்வேன். யமஹாவின் மோடிஎக்ஸ் போன்ற சில கீபோர்டுகள் அதே யூஎஸ்பி கேபிள் வழியாகவே ஒலியையும் அனுப்பும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவும் மிச்சம். ஆனால் யூஎஸ்பி வழியாக ஒலி தரும் கருவிகளில் சில 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற கணக்கில் மட்டுமே இயங்கும். 44.1 இல் பதிவான ஒலியை 48 என்று நம்பி இசைத்தால் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் சுருதி ஏறும். பாடலும் வேகமாக ஓடும். திட்டத்தைத் தொடங்கும்போதே இரண்டு பக்கமும் ஒரே எண் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கீபோர்டில் இடது, வலது என்று இரண்டு வெளியீடுகள் இருந்தால், இரண்டிலிருந்தும் 6.35 மில்லிமீட்டர் மோனோ ஜாக் கேபிள்களை இன்டர்ஃபேஸின் இரண்டு உள்ளீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கேபிள்தான் கைவசம் உள்ளதென்றால் ‘எல்/மோனோ’ என்ற துளையில் செருக வேண்டும். வலத் துளையில் மட்டும் செருகினால் பாதி ஒலிதான் வரும். ஹெட்போன் துளை ஒன்று மட்டுமே உள்ள வீட்டுக் கீபோர்டுகளில்தான் கவனம் அதிகம் தேவை. இரு முனையிலும் ஸ்டீரியோ ஜாக் உள்ள கேபிளால் அதை இன்டர்ஃபேஸின் ஒரே உள்ளீட்டில் செருகிய ஒருவர், தன் கீபோர்டின் பியானோ மெலிந்து, கிணற்றடியில் கேட்பதுபோல் எதிரொலி மட்டும் மிஞ்சுகிறது என்று பதிவை அனுப்பிவைத்தார். இன்டர்ஃபேஸின் அந்த உள்ளீடு சமநிலை வகை. இரு கம்பிகளில் வரும் சமிக்ஞைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடதிலும் வலதிலும் சமமாக இருக்கும் ஒலி, கழித்தலில் முற்றிலும் மறைந்துவிடும். இரு பக்கமும் வேறுபட்டு ஒலிக்கும் எதிரொலி மட்டுமே தப்பும். ஒரு ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ ஜாக்குகளாகப் பிரியும் ஒய் கேபிளை மாட்டியதும் பியானோ முழுதாகத் திரும்பியது.

அளவு வைப்பதில் என் வழக்கம் இது: இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அணைத்து ‘லைன்’ நிலையில் வைக்கிறேன், ஏனெனில் அந்தப் பொத்தான் கிட்டாருக்கானது. கீபோர்டின் ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி, பாடலில் வரப்போகும் மிக உரத்த பகுதியை, வாசிக்கப்போகும் அதே வாய்ஸில் (கீபோர்டில் தேர்ந்த கருவி ஒலியில்) உண்மையாகவே அழுத்தி வாசித்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கும்படி இன்டர்ஃபேஸின் குமிழைத் திருப்புகிறேன். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மேலே இவ்வளவு இடம் விட்டாலும் ஒலியின் தரம் குறைவதில்லை. உடைந்த ஒலியை மட்டும் பிறகு எதுவும் செய்ய இயலாது.

மிடியையும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்யத் தொடங்கும்போது புதிதாக ஒரு தொல்லை முளைக்கும். அதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் கீபோர்டையோ இன்டர்ஃபேஸையோ குறைசொல்லி விற்றுவிடுகிறார்கள். ஒலிக் கேபிள் மட்டும் இருக்கும்வரை அமைதியாக இருக்கும் ஸ்பீக்கரில், யூஎஸ்பி கேபிளையும் கீபோர்டில் செருகிய கணத்திலேயே மெல்லிய கீச்சொலி கேட்கும். மவுஸை நகர்த்தினால் அதன் சுருதி மாறும். சார்ஜரைச் செருகினால் அடியில் ஒரு முனகலும் சேரும். கீபோர்டின் தரைக் கம்பியும் கணினியின் தரைக் கம்பியும் இப்போது ஒலிக் கேபிளின் உறை வழியாக ஒருமுறையும் யூஎஸ்பி கேபிள் வழியாக ஒருமுறையும் இணைந்து, ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டங்கள் ஒலியில் கலக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் முனகல் அதிலும் அதன் மடங்கான 100 இலும் கேட்கிறது. கீச்சொலி கணினியின் உள் வேலையிலிருந்து வருகிறது.

கண்டறியும் வழி எளிது. எல்லாவற்றையும் இணைத்தபடியே வைத்து யூஎஸ்பி கேபிளை மட்டும் உருவுங்கள். இரைச்சல் நின்றால் வளையம்தான் காரணம். நிற்காவிட்டால் மடிக்கணினியின் சார்ஜரை உருவிப் பாருங்கள். தீர்வுகளில் நான் முதலில் சொல்வது, மேலே விட்டுவைத்த காரணம்: ஐந்து ஊசி மிடிக்கு மாறுங்கள். அந்த முறையை வகுத்தவர்கள், செய்தியைப் பெறும் பக்கத்தில் மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகவே சமிக்ஞையைக் கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டர் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதனால் அந்தக் கேபிள் வழியாகத் தரை இணைவதில்லை, வளையமும் உருவாகாது. கீபோர்டில் அந்தத் துளை இல்லையென்றால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இரட்டை டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை ஒலி வழியில் வைத்து, அதன் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீடுகளுக்குக் கொடுக்கலாம். தரை அங்கே பிரிந்துவிடும். மேடை நிகழ்ச்சிகளுக்கும் அது உதவும் என்பதால் வீண் செலவல்ல. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுப்பதும் ஓரளவு குறைக்கும். இரைச்சலைப் போக்குவதற்காகச் சார்ஜரின் மூன்றாவது ஊசியை உடைப்பதும், எர்த் இல்லாத இரண்டு ஊசி அடாப்டரில் மாட்டுவதும் சில இடங்களில் வழக்கமாகவே இருக்கின்றன. அந்த ஊசி உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. மைக்கின் அருகே நின்று பாடும் குழந்தைகளை நினைத்தாவது அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மென்பொருள் கருவியை வாசிக்கும்போது கட்டையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே தாமதம் தெரிந்தால், விண்டோஸில் இன்டர்ஃபேஸின் ஆசியோ (ASIO) என்ற தாமதம் குறைந்த டிரைவரைத் தேர்ந்து, பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை, குறைக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஏறக்குறைய 3 மில்லிநொடி. 1024 என்றால் 23 மில்லிநொடி. இதோடு இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேரும். ஒலி ஒரு மீட்டர் தூரம் காற்றில் செல்லவே 3 மில்லிநொடி ஆகும் என்பதால், மொத்தம் பத்து மில்லிநொடிக்குள் இருந்தால் விரல்கள் தடுமாறுவதில்லை. வாசிக்கும்போது 128, கலவை செய்யும்போது 1024 என்று வைத்துக்கொள்ளலாம். புளூடூத் ஹெட்போனில் மட்டும் எந்த அமைப்பும் கைகொடுக்காது. கம்பி உள்ளதையே பயன்படுத்துங்கள். கீபோர்டின் சொந்த ஒலியை வாசிப்பவர்கள் உள்ளே வரும் ஒலியைக் கணினிக்குப் போய்வராமல் நேராகக் காதுக்குத் தரும் இன்டர்ஃபேஸின் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானைப் போட்டுவிட்டால் தாமதம் என்ற பேச்சே இல்லை.

நம் இசையை வாசிப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது பிட்ச் பெண்டு. கமகத்துக்காகச் சக்கரத்தை அசைக்கும்போது மிடி அனுப்புவது சக்கரத்தின் நிலையை மட்டுமே. 16,384 படிகளில் எந்தப் படி என்பதைச் சொல்லும், அது எத்தனை அரைச்சுரம் என்பதைச் சொல்லாது. அந்த அளவைத் தீர்மானிப்பது ஒலிக்கும் கருவி. கீபோர்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்று வைத்துத் தோடியின் காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அழகாக அசைத்து வாசித்திருப்பீர்கள். அதே மிடியை, எல்லை பன்னிரண்டு என்று வைக்கப்பட்ட மென்பொருள் வயலினுக்குக் கொடுத்தால், அசைவு ஆறு மடங்காகி ஸ்தாயிக்கு ஸ்தாயி தாவும். எல்லை குறைவாக இருந்தால் கமகம் சுருங்கி, காந்தாரம் வெறும் நடுக்கமாகிவிடும். ஆகவே எந்த மென்பொருள் கருவியைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அதன் பெண்டு எல்லையைத்தான்; கீபோர்டில் உள்ள எண்ணையே அங்கும் வைக்கிறேன். பெண்டு செய்தி ஒரு சானல் முழுவதற்கும் பொதுவானது என்பதால், இடக்கையில் பிடித்திருக்கும் நாணும் அதே சானலில் இருந்தால் அதுவும் சேர்ந்து வளையும். மெட்டை ஒரு சானலிலும் நாணை மற்றொன்றிலும் பிரித்து வாசிக்க வேண்டும். கமகம் நிறைந்த பகுதிகளில் இறுதிப் பாடலுக்கு நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கீபோர்டின் ஒலிப் பதிவையே. வாசிக்கும்போது காது எந்த ஒலியைக் கேட்டுக் கையை நடத்தியதோ, அந்த ஒலியில்தான் அந்த அசைவு பொருந்தி நிற்கிறது.

அந்தப் பகுதியில் ஒரு சுரம் மட்டும் தவறியிருந்தால், இரண்டையும் பதிவு செய்து வைத்ததன் பயன் அப்போது தெரியும். மிடி டிராக்கில் அந்தச் சுரத்தைத் திருத்தி, டிராக்கின் வெளியீட்டைக் கீபோர்டுக்குத் திருப்பி, வெறும் கையோடு உட்கார்ந்து கீபோர்டு தானே வாசிப்பதைப் புதிய ஒலி டிராக்கில் பதிவு செய்கிறேன். கமகங்கள் அப்படியே இருக்கும், தவறு மட்டும் போயிருக்கும். இதற்கு அன்றைக்கு எந்த வாய்ஸில் வாசித்தோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். டிராக்கின் பெயரிலேயே வாய்ஸின் பெயர், பெண்டு எல்லை, டிரான்ஸ்போஸ் எண், கீபோர்டின் எதிரொலி அளவு ஆகியவற்றை எழுதிவைக்கிறேன். மிடியின் தொடக்கத்தில் வாய்ஸைக் குறிக்கும் பேங்க், புரோகிராம் எண்களையும் சேர்த்தால் கீபோர்டு தானாகவே அந்த வாய்ஸுக்கு மாறிக்கொள்ளும். புதிதாகப் பதிவான ஒலி பழையதைவிடச் சில மில்லிநொடி தள்ளி விழக்கூடும். முதல் சுரத்தின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பழைய அலையோடு சேர்த்து நகர்த்திவிடலாம்.

மின்வெட்டின்போது மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும், கீபோர்டு அணைந்துவிடும். சிறிய யூபிஎஸ் ஒன்றில் கீபோர்டை மாட்டிவைத்தால் நல்ல வாசிப்பு நடுவில் அறுபடாது. மின்சாரம் திரும்பியதும் வாய்ஸ், லோக்கல், பெண்டு எல்லை மூன்றையும் ஒருமுறை சரிபார்த்த பிறகே தொடருங்கள். நீடிப்புப் பெடலைக் கீபோர்டைப் போடும் முன்பே செருகிவிடுங்கள்; போட்ட பிறகு செருகினால் சில கீபோர்டுகளில் அது தலைகீழாக வேலை செய்து, மிதிக்காதபோது எல்லாச் சுரங்களும் நீண்டு ஒலிக்கும். பாடல் முடிந்ததும் திட்டக் கோப்போடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாகவும், மிடி முழுவதையும் ஸ்டாண்டர்டு மிடி கோப்பாகவும் ஏற்றுமதி செய்து, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பாடலின் பெயரிலேயே வைக்கிறேன். மென்பொருள் மாறினாலும் கணினி மாறினாலும் அந்த இரண்டு வகைக் கோப்புகளையும் எதிலும் திறக்கலாம்.